‘ஃபேர்’: ஒரு சொல்லும் அதன் பல முகங்களும்

பிரான்சு நாட்டை 1285 முதல் 1314 வரை ஆண்ட நான்காம் பிலிப்பு மன்னனை ஆங்கில வரலாற்று நூல்கள் ‘பிலிப் தி ஃபேர்’ என்று குறிக்கின்றன. ஆங்கிலம் ஓரளவு பயின்ற ஒருவர் இதனைத் தமிழில் எழுதப் புகுந்தால், ‘நீதிமான் பிலிப்பு’ என்றோ ‘நேர்மையாளன் பிலிப்பு’ என்றோ எழுதிவிடுதல் மிக எளிது. ‘ஃபேர் பிளே’, ‘ஃபேர் பிரைஸ்’ என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய செவிக்கு வேறு பொருள் தோன்றாது. ஆனால் அந்த மன்னன் செய்தவை யாவை? நாணயத்திலுள்ள வெள்ளியைக் குறைத்துக் குடிகளை வருத்தினான். 1306-இல் யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்தி அவர்தம் உடைமைகளைக் கைப்பற்றினான். 1307 அக்டோபர் 13-ஆம் நாள் டெம்பிளர் என்னும் துறவுப் படையினரை நாடெங்கும் ஒரே நாளில் சிறைப்பிடித்தான். அவர்களுடைய தலைவர் ஜாக் டி மொலே 1314-இல் தீயிலிடப்பட்டார். இத்தகையவனை நீதிமான் என்று எழுதும் தமிழ் நூலைப் படிக்கும் மாணவன் வரலாற்றையே தலைகீழாகக் கற்பான்.

பிரெஞ்சு மக்கள் அவனுக்கு இட்ட பட்டம் ‘லெ பெல்’ என்பது. அதன் பொருள் ‘அழகன்’. அதைத்தான் ஆங்கிலேயர் ‘ஃபேர்’ என்று பெயர்த்தனர். அவன் முகம் அழகாக இருந்தது, அவ்வளவே. அவன் கோலைப் பற்றி அந்தப் பட்டம் ஒன்றும் கூறவில்லை.

இன்னொரு மன்னன் பெயரும் காணத்தக்கது. நார்வே நாடு முழுவதையும் முதன்முதல் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தவன் என்று பழங்கதைகள் போற்றும் ஹரால்டுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபேர்ஹேர்’ என்று பெயர். நாடு முழுவதும் தன் ஆட்சிக்கு வரும்வரை முடியை வெட்டுவதில்லை, சீவுவதுமில்லை என்று அவன் சூளுரைத்தானாம். வென்று முடித்தபின் சீவித் திருத்திய முடியைக் கண்டவர்கள் இப்பெயரைச் சூட்டினார்களாம். இக்காலத்தில் இப்பெயரைக் காண்போர் பலர் ‘பொன்னிற முடியன்’ என்றே பொருள் கொள்வர். வடநாட்டுப் பழமொழியில் அவன் பட்டத்திலுள்ள ‘ஃபாக்ர்’ என்னும் சொல்லுக்கு நிறம் பொருளன்று, அழகே பொருள். முதற் பிழை அழகை அறமாக்கியது. இரண்டாம் பிழை அழகை நிறமாக்கியது. ஆங்கிலப் பாடம் நடத்தும் ஆசிரியரும், ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோரும் இச்சொல்லில் இடறும் இடங்களுள் பெரியவை இவை இரண்டுமே.

‘ஃபேர்’ என்பதன் மூலம் பழைய ஆங்கிலத்திலுள்ள ‘ஃபேகெர்’. கண்ணுக்கு இனிது, அழகியது, மனத்துக்கு உகந்தது என்பன அதன் முதற்பொருள்கள். இதன் உறவுச்சொல் கோத்திய மொழியில் ‘ஃபக்ர்ஸ்’ என்று வழங்கி, ‘பொருத்தமானது, தக்கது’ என்று பொருள்பட்டது. எனவே பொருந்தியது, இனியது, அழகியது என்னும் பொருள்களே இச்சொல்லின் வேர்ப்பகுதி. பிற பொருள்கள் யாவும் அவ்வேரிலிருந்து வெவ்வேறு காலங்களில் கிளைத்தவை.

இதற்கு எதிர்ச்சொல் ‘ஃபவுல்’. அழுகல், நாற்றம், அழுக்கு என்பன அதன் பழம்பொருள். இவ்விரண்டையும் இணையாக வைத்துப் பார்த்தால் ‘ஃபேர்’ பெற்ற பொருள்கள் பல விளங்கும். அழுக்கில்லாதது அழகு, கறையில்லாதது நேர்மை, முகில் இல்லாதது தெளிந்த வானம், அடித்தல் திருத்தல் இல்லாதது நல்ல கையெழுத்து, தடையில்லாதது நல்ல வழி. பந்தாட்டத்தில் விதி மீறிய ஆட்டத்தை ‘ஃபவுல்’ என்று நடுவர் அறிவிக்கும்பொழுதும் இந்தப் பழைய இணையே பேசுகிறது. ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்து முதற் காட்சியிலேயே சூனியக்காரிகள் இவ்விரு சொற்களையும் இடம் மாற்றிக் குழப்புகிறார்கள். நாடகம் முழுவதும் நல்லதுபோல் தோன்றும் தீமையைப் பற்றியதாதலின், அந்தக் குழப்பம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

இனி, நிறத்தைப் பற்றிய பொருள். ‘அழகிய’ என்னும் சொல் ‘வெளிர்நிற மேனியுடைய’ என்று எப்படி மாறிற்று? சொல் தானாக மாறவில்லை. அதைப் பேசிய மக்களின் விருப்பம் அதை மாற்றிற்று. வெயிலில் உழைக்காத மேல்குடிப் பெண்டிரின் வெளிறிய மேனியே அழகு என்று ஐரோப்பாவில் எண்ணிய காலத்தில், ‘அழகி’ என்றால் ‘வெளிர்மேனியள்’ என்று சொல்லாமலே விளங்கிற்று. நாளடைவில் அந்தச் சொல்லாத பகுதி சொல்லுக்குள்ளேயே புகுந்துகொண்டது. பிறகு ‘ஃபேர்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக ‘ஃபவுல்’ மட்டுமன்றி, கருமையைக் குறிக்கும் சொற்களும் வந்து நின்றன.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இரு பொருளும் ஒருங்கே வழங்கின. அந்த இரட்டைப் பொருளை அவர் பலவிடங்களில் கையாண்டார். அவருடைய 127-ஆம் சானட்டு, கருமையை அழகென்று எண்ணாத பழங்காலத்தைக் குறிப்பிட்டுத் தொடங்கி, கருவிழியாளை அழகியென்று நிலைநாட்டுகிறது. ‘ஒத்தெல்லோ’ நாடகத்தின் முதல் அங்கத்தில் வெனிசு நகரத் தலைவன் ஒத்தெல்லோவின் பண்பைப் புகழ எண்ணி, கருமைக்கு எதிராக இச்சொல்லை நிறுத்தியே புகழ்கிறான். புகழ்ச்சிதான், ஆயினும், கரியவன் நல்லவனாயிருப்பது வியப்பு என்னும் எண்ணம் அதன் அடியிலே கிடக்கிறது. ஒரு சொல்லில் அழகும் வெளிர்நிறமும் நற்பண்பும் ஒன்றாகக் கட்டப்பட்டால் கரியவர்க்கு நேரும் தீங்கு என்ன என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

தமிழ் வகுப்பில் இது தனிக் கவனத்துக்குரியது. சங்க இலக்கியத்துத் தலைவியின் மேனிநிறம் ‘மாமை’ எனப்படும். மாந்தளிரின் நிறத்தோடு ஒப்பிடப்படும் அந்தக் கருமை கலந்த செவ்வியையே புலவர்கள் பேரழகென்று பாடினர். தலைவன் பிரிந்த காலத்தில் அவள் மேனி வெளிறிப் பசப்பு ஊரும். அதற்குப் ‘பசலை’ என்று பெயர். திருக்குறளில் ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அந்த இலக்கியத்தில் மேனி வெளிறுதல் அழகன்று, அழகின் இழப்பு, நோயின் அறிகுறி. ஐரோப்பியக் காதற்பாடல் வெளிர்மையைப் போற்ற, தமிழ் அகப்பாடல் அதே வெளிர்மையைக் கண்டு கலங்குகிறது. இதனை அறியாதவர், ஆங்கிலக் கதையில் வரும் ‘ஃபேர் மெய்டன்’ என்பதைத் தமிழில் ‘சிவந்த மேனியாள்’ என்று எழுதுவர். மூலத்தில் ‘அழகிய மங்கை’ என்பதற்குமேல் ஒன்றும் இல்லை. இல்லாத நிறத்தை மொழிபெயர்ப்பாளர் தம் கையிலிருந்து பூசிவிடுகிறார்.

எனினும் தமிழர் இதில் முற்றும் குற்றமற்றவர் என்று கூறுதல் இயலாது. ‘கறுப்பே அழகு, காந்தலே ருசி’ என்னும் பழமொழி வீடுதோறும் வழங்குகிறது. அதே வீடுகளில் பெண் பார்க்கச் சென்று திரும்புவோர் முதலில் கேட்கும் கேள்வி, ‘பெண் நல்ல கலரா?’ என்பது. ‘கலர்’ என்ற சொல்லுக்கு நிறம் என்பதே பொருள். கறுப்பும் ஒரு நிறந்தான். ஆயினும் ‘நல்ல கலர்’ என்றால் வெளிர்நிறம் மட்டுமே என்று யாவரும் புரிந்துகொள்கின்றனர். ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ அடைந்த மாற்றத்தை இச்சொல் தமிழ்ப் பேச்சில் அப்படியே அடைந்திருக்கிறது. மணமக்கள் தேவை விளம்பரங்களில் ‘ஃபேர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் நேரே வந்து குடியேறிற்று. இந்தியாவில் 1975-இல் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சின் பெயர், வெளிர்மையையும் வனப்பையும் ‘அண்ட்’ என்ற ஒற்றை இணைப்பால் பூட்டி வைத்தது. உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின், 2020-இல் அந்தப் பெயர் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றப்பட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரு பெயரடை செய்த வேலை சிறிதன்று.

வகுப்பறைக்கு இதனால் ஒரு வழி புலப்படும். ‘ஃபேர்’ என்பது மேனியையோ முடியையோ குறிக்க வரும்பொழுது ‘வெளிர்நிற’ என்று தமிழாக்குவதே தக்கது. ‘ஃபேர் ஸ்கின்’ உடையவர்க்கு வெயில் எளிதில் சுடும் என்று மருத்துவர் எழுதினால், ‘வெளிர்நிறத் தோல்’ என்றால் போதும். அங்கே ‘அழகிய தோல்’ என்றோ ‘நல்ல நிறம்’ என்றோ எழுதினால், அளவீடு பாராட்டாகிவிடும். மகளிரைப் பொதுவாகக் குறிக்க ஒரு காலத்தில் எழுதப்பட்ட ‘ஃபேர் செக்ஸ்’ என்னும் தொடர் இன்று பழமைப்பட்டுவிட்டது. மாணவர் அதைப் பழைய நூல்களில் கண்டு பொருள் அறிந்தால் போதும், கட்டுரையில் எழுத வேண்டுவதில்லை.

அடுத்து, இக்காலத்தில் மிகப் பெரிதும் வழங்கும் பொருள்: நடுவுநிலை, நேர்மை. அழகிலிருந்து அறத்துக்கு இச்சொல் தாவியது எவ்வாறு என்று வியப்போர் தமிழிலுள்ள ‘செம்மை’ என்னும் சொல்லை எண்ணிப் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் செம்மை என்ற ஒரே தலைப்பின்கீழ்ச் சிவப்பும் உண்டு, நேர்மையும் உண்டு. செங்கதிர், செந்தாமரை என்பவற்றில் அது நிறம். செங்கோல், செந்நெறி, செப்பம் என்பவற்றில் அது கோணாமை. திருவள்ளுவர் ‘நடுவு நிலைமை’ என்னும் அதிகாரத்தில் ‘செப்பம்’ என்ற சொல்லை நடுவுநிலைமைக்கே வழங்குகிறார். செங்கோன்மைக்கு மறுதலை கொடுங்கோன்மை. கொடுமை என்பது முதலில் வளைவு. ஆங்கிலத்தில் ‘ஃபேர்’, ‘ஃபவுல்’ என்னும் இணை தூய்மையையும் அழுக்கையும் கொண்டு அறம் பேச, தமிழ் இணை நேர்கோட்டையும் வளைவையும் கொண்டு அறம் பேசுகிறது. வழி வேறு; சேரும் இடம் ஒன்று.

இந்த ஒப்புமைக்கு ஒரு பயனும் உண்டு. ஜெர்மானியர் ‘ஃபேர்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அப்படியே தம் மொழியில் எடுத்துக்கொண்டனர். பிரெஞ்சு மொழியிலும் ‘ஃபேர் பிளே’ என்பது அவ்வாறே வழங்குகிறது. தமிழிலும் இளைஞர் பேச்சில் ‘இது ஃபேர் இல்லை’ என்பது புகுந்துவிட்டது. பேச்சில் வருவதைத் தடுப்பார் யார்? ஆனால் எழுத்தில் அதற்கு இடந்தரும் தேவை தமிழுக்கு இல்லை. நேர்மை, நடுவுநிலை, முறை, நியாயம், செப்பம் என்று இத்தனை சொற்கள் இருக்க, இவற்றுள் எது எங்கே பொருந்தும் என்று அறிவதே ஆசிரியர் செய்யவேண்டிய வேலை. இரு பிள்ளைகளுக்குத் தின்பண்டத்தைப் பங்கிடும்பொழுது ‘ஃபேர்’ என்பதற்கு ‘ஒத்த பங்கு’ என்றாலே குழந்தைக்கு விளங்கும். தேர்வாளர் முகம் பார்த்து மதிப்பெண் இடாமையைக் குறித்தால் ‘நடுவுநிலை’. வழக்குமன்றத்தில் ‘ஃபேர் டிரயல்’ என்றால் ‘முறையான விசாரணை’. இம்மூன்றிடத்தும் ‘நியாயமான’ என்ற ஒரே சொல்லை ஒட்டுவது பிழையன்று, ஆனால் சோம்பல்.

விதிக்கு உட்பட்டிருத்தலும் நேர்மையாயிருத்தலும் ஒன்றா என்னும் கேள்வியும் இச்சொல்லோடு பிறந்ததே. 2018-ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியில் ஜப்பானும் செனகலும் ஒரே பிரிவில் நான்கு நான்கு புள்ளிகள் பெற்றன. போட்ட கோல்களும் சமம். வாங்கிய கோல்களும் சமம். இரண்டும் மோதிய ஆட்டமும் 2-2 என்று சமமாகவே முடிந்திருந்தது. அதனால் மஞ்சள் அட்டை குறைவாகப் பெற்ற ஜப்பான், ‘ஃபேர் பிளே’ புள்ளிக் கணக்கில் அடுத்த சுற்றுக்குச் சென்றது. அக்கணக்கில் தனக்கு ஆதாயம் உண்டென்று கண்ட ஜப்பானியக் குழு, போலந்துக்கு எதிராக 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்த நிலையிலும் இறுதி நிமிடங்களில் கோல் போட முயலாது பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தது. பார்வையாளர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். விதி எதுவும் மீறப்படவில்லை. ‘ஃபேர் பிளே’ என்னும் பெயரால் கிடைத்த வெற்றியை ‘ஃபேர்’ அன்று எனப் பலர் கூறினர். ஒரே சொல் முதலிடத்தில் ‘விதிப்படி’ என்றும், இரண்டாமிடத்தில் ‘நெஞ்சறிய நேர்மையாக’ என்றும் பொருள்பட்டது. வகுப்பில் இவ்வேறுபாட்டை விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சட்டத்துறையில் இச்சொல் இன்னும் வழுக்கலானது. அவதூறு வழக்குகளில் ‘ஃபேர் காமெண்ட்’ என்று ஒரு தற்காப்பு உண்டு. ‘நியாயமான கருத்து’ என்று அதைத் தமிழாக்கிப் படிப்போர், கருத்து மிதமாகவும் இருபுறமும் சீர்தூக்கியதாகவும் இருக்கவேண்டும் போலும் என்று எண்ணுவர். சட்டம் அவ்வாறு கேட்பதில்லை. பொதுநலன் சார்ந்த ஒன்றைப் பற்றி, உண்மையான செய்திகளின் அடிப்படையில், நேர்மையுள்ள ஒருவர் கொள்ளக்கூடிய கருத்தாக அது இருந்தால் போதும். கடுமையாக இருக்கலாம், ஒருபுறம் சாய்ந்தும் இருக்கலாம். இந்தப் பெயர் ஆங்கிலேயரையே குழப்பியதால், 2013-ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் இங்கிலாந்தில் இதனை நீக்கி, ‘நேர்மையான கருத்து’ எனப் பொருள்படும் வேறு பெயரில் புதிய தற்காப்பை அமைத்தது. ‘ஃபேர்’ என்னும் சொல் தன் சொந்த வீட்டிலேயே தோற்ற இடம் இது.

‘ஃபேர் கேம்’ என்பதும் ஏமாற்றும் தொடர். இதனை ‘நேர்மையான விளையாட்டு’ என்று எழுதியவர்கள் உண்டு. வேட்டையாடத் தடையில்லாத விலங்கு என்பது இதன் பழம்பொருள். யார் வேண்டுமானாலும் தாக்கலாம், குறை கூறலாம் என்னும் நிலையில் உள்ளவரை இன்று இது குறிக்கிறது. அரசியல்வாதிகள் கேலிச்சித்திரக்காரர்க்கு ‘ஃபேர் கேம்’ என்றால், அவர்கள் நேர்மையாக விளையாடுகிறார்கள் என்பது பொருளன்று.

விலையைப் பற்றி வரும்பொழுது பொருள் தெளிவு. தமிழ்நாட்டில் அரசு நடத்தும் பங்கீட்டுக் கடைக்கு ‘நியாயவிலைக் கடை’ என்று பெயர் நிலைத்துவிட்டது. சிங்கப்பூரில் தொழிற்சங்கங்களின் கூட்டுறவுக் கடை 1973-இல் தோபாயோவில் ‘வெல்கம்’ என்ற பெயரில் தோன்றி, 1983-இல் மற்றொரு கூட்டுறவோடு இணைந்து ‘ஃபேர்பிரைஸ்’ ஆயிற்று. ‘மலிவு விலை’ என்றில்லாமல் ‘நியாய விலை’ என்று பெயர் வைத்தவர்கள் சொல்லின் எடையை அறிந்தவர்கள். மலிவு வாங்குபவர்க்கு மட்டும் நன்மை. நியாயம் விற்பவர்க்கும் உரியது.

சொத்து, வாடகை ஒப்பந்தங்களில் வரும் ‘ஃபேர் வேர் அண்ட் டேர்’ என்னும் தொடரைப் பொருள் தெரியாமல் கையெழுத்திட்டோர் பலர். வீட்டில் குடியிருந்த காலத்தில் சாதாரணப் பயன்பாட்டால் ஏற்படும் தேய்வு என்பது அதன் பொருள். சுவரில் வண்ணம் மங்குதல், நடக்கும் வழியில் தரை தேய்தல் ஆகியவை இதில் அடங்கும்; உடைந்த கண்ணாடி அடங்காது. முன்பணத்தைத் திரும்பப் பெறும் நாளில் இந்த ஒரு பெயரடையின்மேல் பணம் தொங்கும். இங்கே ‘நேர்மையான தேய்வு’ என்றால் சிரிப்பு வரும். ‘இயல்பான தேய்மானம்’ என்பதே பொருத்தம்.

பள்ளிக்கூடத்துக்கு வந்தால் ‘ஃபேர் காப்பி’ நிற்கிறது. முதலில் எழுதிய படியில் அடித்தல், திருத்தல், செருகல் எல்லாம் இருக்கும். அதைத் தூய்மையாகத் திரும்ப எழுதுவது ‘ஃபேர் காப்பி’. தமிழ்நாட்டு மாணவர்கள் ‘ரஃப் நோட்டு’, ‘ஃபேர் நோட்டு’ என்று இரண்டு வைத்திருப்பர். இதற்குச் ‘செவ்வைப்படி’ என்ற தமிழ்ச் சொல் அழகாகப் பொருந்தும். செம்மையின் குடும்பத்தில் பிறந்தது செவ்வை. ஆங்கிலத்தில் அழுக்கின்மையும் தமிழில் கோணாமையும் ஒரே காகிதத்தில் வந்து சேர்கின்றன.

அதே பள்ளிக்கூடத்தில்தான் இச்சொல்லின் மிகச் சிறிய முகமும் தெரிகிறது. மாணவனின் முன்னேற்ற அறிக்கையில் ஆசிரியர் ‘ஃபேர்’ என்று எழுதினால், பெற்றோர் சிலர் மகிழ்கின்றனர். அகராதியைப் புரட்டினால் அழகு, நேர்மை, தெளிவு என்று நல்ல பொருளாகவே வரிசையாக இருக்குமன்றோ? ஆனால் மதிப்பீட்டு வரிசையில் அதன் இடம் ‘நன்று’ என்பதற்குக் கீழே, ‘குறைவு’ என்பதற்கு மேலே. ‘சுமார்’ என்று தமிழில் கூறுவதே அது. ‘குறை கூற ஒன்றுமில்லை’ என்பதிலிருந்து ‘புகழவும் ஒன்றுமில்லை’ என்பதுவரை சொல் இறங்கிவந்திருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர்க்கு நற்சான்று எழுதுபவர், ‘இவர்க்குத் தமிழில் ஃபேர் நாலெட்ஜ் உண்டு’ என்று எழுதினால், உதவுவதாக எண்ணி வாயிற்கதவைப் பாதி சாத்திவிடுகிறார். புகழும் கருத்து உண்மையில் இருந்தால் வேறு சொல்லைத் தேடவேண்டும்.

ஆயினும் அளவைக் குறிக்கும்பொழுது நிலைமை மாறுகிறது. ‘ஃபேர் டிஸ்டன்ஸ்’ என்றால் சுமாரான தொலைவன்று, கணிசமான தொலைவு. ‘எ ஃபேர் சம்’ என்றால் சொல்லத்தக்க அளவு பணம். தன்மையைத் தொட்டால் சொல் தாழ்கிறது. அளவைத் தொட்டால் சற்று உயர்கிறது. மாணவர்க்கு இதனை விதியாகக் கூறாமல் பழக்கமாகக் கூறுவது நலம். விதியாக்கினால் விலக்குகளைத் தேடத் தொடங்குவர்.

‘ஃபேர்லி’ என்னும் வினையடைக்கும் இரண்டு முகம் உண்டு. ‘அவர் ஃபேர்லி நடத்தப்பட்டார்’ என்றால் நேர்மையாக என்பது பொருள். ‘அறை ஃபேர்லி வெதுவெதுப்பாக உள்ளது’ என்றால் ஓரளவு என்பது பொருள். இதே இடத்தில் ‘ராதர்’ என்ற சொல்லை இட்டாலும் வெப்பத்தின் அளவு மாறாது. பேசுபவரின் மனம் மாறும். ‘ஃபேர்லி’ என்றவர் அந்த வெதுவெதுப்பை விரும்புகிறார். ‘ராதர்’ என்றவர் பலகணியைத் திறக்க எழுகிறார். இலக்கண நூல்கள் இவ்வேறுபாட்டை ஒரு வரியில் கூறிச் செல்லும். தமிழில் ‘இதமான சூடு’, ‘கொஞ்சம் சூடுதான்’ என்று பேசிக் காட்டினால் வகுப்பு உடனே பிடித்துக்கொள்ளும்.

வானிலைக்கு வருவோம். சிங்கப்பூர் வானிலை நிலையம் தரும் இரண்டு மணி நேர முன்னறிவிப்பில் ‘ஃபேர்’ என்ற சொல் பகலுக்கும் இரவுக்கும் வருகிறது. மழையோ இடியோ இல்லை என்பதுதான் அதன் செய்தி. நண்பகல் வெயிலில் தார்ச்சாலை இளகும்போதும் வானிலை ‘ஃபேர்’தான். இதனைத் தமிழில் ‘நல்ல வானிலை’ என்று எழுதினால் பொருள் தவறாது, ஆனால் நெருடும். மழையும் மூடுபனியும் மிகுந்த தீவில் பிறந்த மொழிக்கு மழையற்ற வானமே நல்ல வானம். தஞ்சை உழவர்க்கு ஆடியிலும் ஐப்பசியிலும் மேகம் திரண்ட வானமே நல்ல வானம். வெளுத்த வானத்தைக் கண்டு அவர் பெருமூச்சு விடுவார். ‘மழையற்ற தெளிந்த வானிலை’ என்றால் இரு சாராரையும் புண்படுத்தாது. வாழ்வில் வெயில் அடிக்கும்வரை மட்டும் உடனிருக்கும் நண்பரை ஆங்கிலத்தில் ‘ஃபேர் வெதர் பிரண்டு’ என்பர். குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவையைக் காட்டி மூதுரை கூறும் உறவினரும் அவரே. அங்கே துன்பத்துக்கு அடையாளம் மழை. இங்கே துன்பத்துக்கு அடையாளம் மழையின்மை.

கடலோடிகள் இச்சொல்லைத் தமக்கெனத் தனியே பேணிவருகின்றனர். ‘ஃபேர் விண்டு’ என்பது கப்பல் செல்லும் திசைக்கு உதவும் காற்று. ‘ஃபேர்வே’ என்பது பாறையும் மேடும் இல்லாத கப்பல்வழி. சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடற்படங்களில் இப்பெயர் பலவிடத்தில் காணப்படும். குழிப்பந்து மைதானத்தின் வெட்டிச் சமன்செய்த புற்பரப்பும் அப்பெயர் பெற்றது. கப்பல் கட்டுமிடங்களில் இச்சொல் வினையாகவும் வழங்கும்: கலத்தின் வளைவில் மேடுபள்ளம் தெரியாமல் இழைத்து ஒழுங்குபடுத்துதல். ‘செப்பனிடுதல்’ என்னும் தமிழ்ச்சொல் இங்கே உளிபோல் பொருந்துகிறது.

இறுதியாக, ஒலியால் மயக்கும் இரண்டு சொற்கள். ‘புக் ஃபேர்’, ‘டிரேட் ஃபேர்’ என்பவற்றில் வரும் ‘ஃபேர்’ பெயரடையன்று. எழுத்தும் ஒலியும் ஒன்றாயினும் பிறப்பு வேறு. திருவிழா நாளைக் குறித்த ‘ஃபெரியா’ என்னும் இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்து சந்தையாகிக் கண்காட்சியாயிற்று. பேருந்துக் கட்டணமாகிய ‘ஃபேர்’ எழுத்திலும் வேறு. ‘செல்லுதல், பயணம்’ என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது அது. இலண்டன் நகரில் செல்வர் வாழும் ‘மேஃபேர்’ என்னும் பகுதியின் பெயரைக் கண்டு, அழகிய இடமாதலின் இப்பெயர் பெற்றது என்று கூறுவோர் உண்டு. மே மாதந்தோறும் அங்குக் கூடிய ஆரவாரமான சந்தையே அப்பெயருக்குக் காரணம். சந்தையின் இரைச்சலைப் பொறுக்க மாட்டாத அக்கம்பக்கத்துச் செல்வர்கள் 1764-ஆம் ஆண்டோடு அதனை நிறுத்திவிட்டனர். பெயரை மட்டும் அவர்களால் நிறுத்த முடியவில்லை.